சி டிரைவ் ஃபுல்லா? போட்டோவை அழிக்கும் முன் இதைப் பாருங்க!

மீட்டிங் தொடங்க 10 நிமிஷம்தான் இருக்கு. லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகி, 'இடம் இல்லை' என்கிறது. உடனே பலரும் செய்வது ஒன்றுதான். கண்ணில் படும் போட்டோ ஃபோல்டரைத் திறந்து, காலேஜ் டூர் படங்களை டெலிட் பண்ணுவது. 2 ஜிபி கிடைக்கும். ஒரு மாசத்தில் மறுபடியும் அதே சிவப்புக் கோடு. போன படங்கள் போனதுதான்.

இதில் யூஸரை மட்டும் குறை சொல்ல முடியாது. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சைஸ் தெரியும். ஃபோல்டருக்கு நேராக மட்டும் அந்த இடம் காலி. ஒவ்வொன்றாக ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பார்க்கணும். யூனிக்ஸில் 1971-லேயே 'டியூ' என்ற கமாண்ட் இந்தக் கணக்கைச் சொன்னது. 50 வருஷம் தாண்டியும் சாதாரண யூஸருக்கு அது ஒரே பார்வையில் கிடைக்கவில்லை என்பது நியாயமே இல்லை.

ஒரு டிஸ்க், 14 பேர்

1990-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலும் இதே தலைவலி. 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, பேராசிரியர் பென் ஷ்னைடர்மேன் 'ட்ரீமேப்' முறையை உருவாக்கினார். ஃபோல்டர் எவ்வளவு பெரிசோ, ஸ்கிரீனில் அதன் கட்டமும் அவ்வளவு பெரிசு. குற்றவாளி தானாகவே மாட்டிக்கொள்வார்!

இன்று இலவசமாகக் கிடைக்கும் 'வின்டிர்ஸ்டாட்', 'விஸ்ட்ரீ' போன்றவை காட்டுவது இதே படத்தைத்தான். எதையும் இன்ஸ்டால் பண்ண விருப்பமில்லையா? விண்டோஸில் செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஸ்டோரேஜ் போனால் வகை வாரியாகக் கணக்கு இருக்கும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ் > ஜெனரல் > ஸ்டோரேஜ்.

யார் அந்தக் குற்றவாளி?

வழக்கமாகச் சிக்குபவர்கள் இவர்கள்தான்:

- ஒருமுறை திறந்து மறந்த இன்ஸ்டாலர்கள், ஜிப் ஃபைல்கள் குவிந்த டவுன்லோட்ஸ்
- மறைந்தே இருக்கும் 'ஆப்டேட்டா'வில் சேரும் ஆப்களின் கேஷ்
- பெரிய அப்டேட்டுக்குப் பின் தங்கும் 'விண்டோஸ்.ஓல்ட்'
- காலி பண்ணாத ரீசைக்கிள் பின். அதைக் காலி பண்ணும் வரை, டெலிட் செய்த ஃபைலும் டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும்

ஆனால் பெரிசாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது. 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டரை நேரடியாக அழித்தால் விண்டோஸே பூட் ஆகாமல் போகலாம். 'விண்டோஸ்.ஓல்ட்'டைக்கூட ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் வழியாக நீக்குவதே பாதுகாப்பு. அதை நீக்கினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழி அடைபடும்.

முதலில் கணக்கு, பிறகு காசு

256 ஜிபி என்று வாங்கிய டிஸ்க், விண்டோஸில் 238 ஜிபியாகத்தான் தெரியும். கம்பெனி 1000-ன் மடங்கில் எண்ணுகிறது. விண்டோஸ் 1024-ன் மடங்கில். அதிலும் விண்டோஸும் ஆப்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இருப்பது கொஞ்சம் என்பதால்தான், அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்கணும்.

டிஸ்க் நிரம்பியதுமே மாசாமாசம் காசு கட்டும் கிளவுட் பிளானுக்கோ, புது லேப்டாப்புக்கோ போவது, வீட்டில் பழைய பேப்பரைப் போடாமல் பெரிய வீடு தேடுவது மாதிரி. மாசத்துக்கு ஒரு தடவை, 5 நிமிஷம் கணக்குப் பார்த்தால் போதும். டூர் போட்டோக்கள் அப்படியே இருக்கட்டும்!