புது கோச் வந்தால் பழைய பையன்கள் என்ன ஆவார்கள்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"டீச்சருக்கு இந்த வயசுல அமெரிக்கக் கால்பந்து எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். மகள் இருப்பது அட்லாண்டாவில். மாப்பிள்ளை ஜார்ஜியா டெக்கில் எம்.எஸ். படித்தவர். அவர்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் டி.வி.யில் கல்லூரி ஆட்டம்தான், வேறு எதுவும் ஓடாது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, இது விளையாட்டு மட்டுமல்ல, நம் பள்ளிக்கூட விஷயமும்தான் என்று புரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஓடியே முன்னேறுவதா, எறிந்து முன்னேறுவதா என்பதில்தான் ஒவ்வொரு கோச்சின் பாணியும் இருக்கிறது.

ஜார்ஜியா டெக்கில் 2008 முதல் 2018 வரை பால் ஜான்சன் என்பவர் கோச். அவருடைய பாணிக்கு ட்ரிபிள் ஆப்ஷன் என்று பெயர். பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக் எதிரணியின் இரண்டு ஆட்களை ஒருவர் பின் ஒருவராகக் கவனிப்பான். அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து, பந்தைப் பின்னால் இருப்பவனிடம் கொடுப்பான், அல்லது தானே ஓடுவான், அல்லது பக்கத்தில் ஓடி வருபவனுக்குத் தட்டிவிடுவான். மூன்று வழி. எறிவது மிகக் குறைவு.

இந்தப் பாணிக்கு ஆள் எடுக்கும் விதமே வேறு. முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் மலை மாதிரி இருக்க வேண்டியதில்லை. சுறுசுறுப்பாக, தாழ்ந்து பாய்ந்தால் போதும். எறிந்து ஆடும் அணியிலோ, அதே ஆட்கள் பின்வாங்கி நின்று குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்க வேண்டும். அதற்குப் பெரிய உடம்பு வேண்டும், வேறு பயிற்சி வேண்டும். டைட் எண்ட் என்று ஒரு இடம் உண்டு, ஜான்சன் அணியில் அந்த இடமே கிடையாது.

2018 அக்டோபரில் வர்ஜீனியா டெக்குக்கு எதிரான ஆட்டத்தை மாப்பிள்ளை எனக்கு ரெக்கார்டிங்கில் போட்டுக் காட்டினார். ஜார்ஜியா டெக் அன்று பந்தை எறிந்தது ஒரே ஒரு முறை. அதையும் யாரும் பிடிக்கவில்லை. ஆனால் 49-28 என்று ஜெயித்தார்கள். டோபையஸ் ஆலிவர் என்ற இளம் குவார்ட்டர்பேக் 40 முறை பந்தோடு ஓடி 215 கெஜம் எடுத்தான். இந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சீசனோடு ஜான்சன் விலகினார். ஜெஃப் காலின்ஸ் வந்தார். "இனி ஆப்ஷன் கிடையாது, மற்ற பெரிய கல்லூரிகள் மாதிரி ஆடப் போகிறோம்" என்பதுதான் திட்டம். ஊரே வரவேற்றது. டைட் எண்ட் இல்லையே என்று வேறு கல்லூரியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆனால் களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் பழைய பாடத்துக்காகப் பொறுக்கி எடுக்கப்பட்ட பையன்கள்.

2019 செப்டம்பரில் நான் அங்கே இருந்தேன். மாப்பிள்ளை மைதானத்துக்கே கூட்டிப் போனார். எதிரணி சிட்டாடல் என்ற ராணுவக் கல்லூரி. ஒரு படி கீழே இருக்கும் பிரிவில் ஆடுபவர்கள். "சும்மா ஜெயிச்சுடுவோம் அத்தை" என்றார். சிட்டாடல் என்ன ஆடினார்கள் தெரியுமா? அதே ட்ரிபிள் ஆப்ஷன்! பெரும்பாலான நேரம் பந்து அவர்கள் கையில்தான் இருந்தது. கூடுதல் நேரத்தில் 27-24 என்று அவர்கள் ஜெயித்தார்கள். தான் மூட்டை கட்டிப் பரணில் போட்ட புத்தகத்தை எதிரி எடுத்து வந்து படித்துக் காட்டியது போல இருந்தது. திரும்பும் வழியெல்லாம் காரில் யாரும் பேசவில்லை.

அந்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. ஆலிவர் சில ஆட்டங்களில் குவார்ட்டர்பேக், பிறகு பந்து பிடிக்கும் ரிசீவர், அடுத்த ஆண்டு தற்காப்பு வரிசை. ஒரு வருடம் முன்பு 40 முறை பந்தைச் சுமந்த பையன்! அவன் திறமை எங்கும் போகவில்லை. அதைக் கேட்கும் கேள்வித்தாள்தான் மாறிவிட்டது.

ஆனால், "பாணியை மாற்றியதே தப்பு" என்று நான் சொல்லவில்லை. ஜான்சனும் 2008-ல் வந்தபோது எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றியவர்தான். அவருக்கு முந்தைய கோச் சான் கெய்லி எடுத்துவைத்திருந்த பையன்கள் வேறு விதமான ஆட்டத்துக்கு வந்தவர்கள். ஆனால் ஜான்சன் அவர்களில் யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஓடத் தெரிந்த ஜோஷ் நெஸ்பிட்டைக் குவார்ட்டர்பேக் ஆக்கினார். வலுவான ஜோனத்தன் ட்வையரை நடுவில் வைத்தார். முதல் ஆண்டே 9 வெற்றி. ஏழு ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டே இருந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை அவர்கள் மைதானத்திலேயே 45-42 என்று வென்றார்கள். ட்வையர் அந்த ஆண்டு ஏ.சி.சி. பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

ஆக, மாற்றம் வந்ததா என்பது கேள்வியே இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து மாற்றினாரா, பார்க்காமல் மாற்றினாரா என்பதுதான் கேள்வி.

மாப்பிள்ளை இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அத்தை, ஆப்ஷன் ஆடினா நல்ல ரிசீவர் எவன் வருவான்? ஜான்சன் காலத்திலயே 2015-ல 3-9 ஆச்சே?" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. முதல் ஆண்டுத் தோல்வியை நானும் மன்னிப்பேன். ஆனால் மூன்றாவது ஆண்டு? 2021-ல் கடைசி இரண்டு ஆட்டம்: நோட்டர் டேமிடம் 55-0, ஜார்ஜியாவிடம் 45-0. அதற்குள் காலின்ஸே எடுத்த பையன்கள் நிறையப் பேர் அணிக்கு வந்துவிட்டார்கள். பழையதை விட்டாயிற்று, புதியது கைக்கு வரவே இல்லை. 2022 செப்டம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 10 வெற்றி, 28 தோல்வி. ஒப்பந்தப்படி அவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு வருடத்தில் படித்துப் போன பையன்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

அடுத்து வந்தவர் ப்ரென்ட் கீ. அதே கல்லூரியில் படித்து, லைன்மேனாக ஆடியவர். காலின்ஸிடம் உதவிக் கோச்சாகவும் இருந்தவர். சீசன் நடுவில் பொறுப்பு ஏற்றார். அதே பையன்கள், அதே மைதானம். முதல் ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க் போய் 26-21 என்று ஜெயித்தார்கள். மீதி எட்டு ஆட்டத்தில் நான்கு வெற்றி. அடுத்த ஆண்டு ஹேன்ஸ் கிங் என்ற குவார்ட்டர்பேக் டெக்சாஸிலிருந்து வந்தான். அவனுக்கு ஓடவும் தெரியும், எறியவும் தெரியும். கீ இரண்டையும் பயன்படுத்தினார். முன்வரிசை பலத்தை அடித்தளமாக வைத்து ஓட்டம், அதன் மேல் எறிதல். 2024 நவம்பரில் ஜார்ஜியாவோடு எட்டு கூடுதல் நேரம் ஆடி 44-42 என்று தோற்றார்கள். நடுராத்திரி வரை நானும் உட்கார்ந்து பார்த்தேன். தோற்றாலும், இவர்களுக்கு என்ன ஆடுகிறோம் என்று தெரிந்திருந்தது. 45-0 தோல்விக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

இப்போது என் கதை ஒன்று. நம் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்த புதிதில் நான் நான்காம் வகுப்பு எடுத்தேன். அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்காருவது. நல்ல முறை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் மலர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் வாய்ப்பாடு சொல்லுவதை நிறுத்திவிட்டேன். என் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவான். ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு வரை கணீரென்று சொல்லுவான், மற்றவர்கள் பின்னால் சொல்லுவார்கள். அவனுக்கு இருந்த ஒரே பெருமை அது. அட்டை முறையில் அவன் எல்லோருக்கும் கடைசி ஆனான். வாரக்கணக்கில் வாயே திறக்கவில்லை. எனக்கு அது உறைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு கணக்கு அட்டை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் அவனை வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். குரல் திரும்பி வந்தது. முழுசாகத் திரும்பியதா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

ஆலிவரைப் பார்த்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

கோச்சுக்கு ஐந்து வருடத் திட்டம், ஏழு வருட ஒப்பந்தம் எல்லாம் இருக்கலாம். பையனுக்குக் கல்லூரியில் ஆடக் கிடைப்பது நான்கே வருடம். இப்போதெல்லாம் பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. நம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வழியும் கிடையாது.

இந்த ஜூனில் புதிதாகத் தலைமை ஆசிரியர் ஆகப் போகும் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் மாதம் எதையும் நிறுத்தாதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மாற்றுங்கள்.

உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ புதிதாக ஒருவர் வந்து எல்லாவற்றையும் மாற்றிய அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். நல்லபடியாக முடிந்த கதையையும் எழுதுங்கள், அதைப் படிக்கத்தான் எனக்கு அதிக ஆசை.