ஓட்டை அட்டையும் ஒரு பாடநூல்

காஞ்சிபுரத்துத் தறியின் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை ஆட்டிவைப்பது, ஓட்டை போட்ட அட்டைகளின் சரம். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், அதோடு சேர்ந்த கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும். முந்தானையில் வரும் மயிலும் யாளியும் இந்த ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களால் ஆனவை. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு இதே அட்டைகளைத்தான் நம்பினார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம்கூட அவரிடம் இருந்தது. கணினியின் முப்பாட்டன் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தடதடத்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஊர்ப் பிள்ளைக்கு 0, 1 என்பது பாடநூலின் வெறும் இரண்டு இலக்கங்களாகவே அறிமுகமானால், அருகிலிருக்கும் ஆய்வகத்தை நாம் வீணாக்குகிறோம் என்றே பொருள்.

செய்து கற்பதன் அருமையைத் தமிழக அரசு அறியாமல் இல்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்களிடம் சோதனைகளைக் கொண்டுசெல்லும் திட்டம். நல்ல முயற்சிதான். ஆனால் வெளியிலிருந்து வரும் சோதனைப் பெட்டி எதுவானாலும் ஒருநாள் திரும்பிப் போய்விடும். மறுநாள் ஆசிரியர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே என் கேள்வி. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அறிவியல் சொல்லித்தந்த அரவிந்த் குப்தாவின் வழி இங்கே உதவும்: ஊரில் மலிவாகக் கிடைப்பதை, உடைந்தாலும் யாரும் திட்டாததை எடுத்துக்கொள்வது. மாணவர்கள் எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட தாளில் ஒரு பூவை வரையட்டும். அதற்கேற்ப எட்டு அட்டைகளில் ஓட்டை போடட்டும். அட்டைச் சட்டத்தில் நூல் கட்டி, அட்டையைப் பார்த்து வரிவரியாக நெய்யட்டும். 64 முடிவுகளில் ஒன்று பிசகினாலும் பூவின் இதழ் கோணலாகிவிடும். அங்கே தவறைச் சுட்டுவது ஆசிரியரின் சிவப்பு மை இல்லை, துணியே. வேதியியல் வேண்டுமா? கச்சாப் பட்டு நூலை எடை போட்டு, ஆசிரியர் அதைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த பின் மறுபடி எடை போட்டால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். போனது செரிசின் என்ற பசை. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்கள் ஏன் இத்தனை நெருக்கமாக நிற்கின்றன என்பதற்கும் ஒரு சாக்பீஸ் போதும்: இருமுனையிலும் அழுத்தினால் தாங்குகிறது, வளைத்தால் பட்டென்று ஒடிகிறது. கல் உத்தரத்துக்கும் அதே பலவீனம்தான்.

தறி என்றதுமே தமிழ்நாட்டில் குலக்கல்வி நினைவு வரும், வர வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்து, 1954-ல் காமராஜர் கைவிட்ட அந்தத் திட்டம் அரைநாள் பள்ளிக்கும் மீதி நேரம் பெற்றோர் தொழிலுக்கும் என்று பிள்ளைகளின் பொழுதைப் பிரித்தது. அதை எதிர்த்து நின்ற அண்ணா பிறந்த ஊரும் காஞ்சிபுரம்தான். ஆனால் அந்தத் திட்டம் பிள்ளையை வீட்டுத் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. இங்கே சொல்வது, தொழிலின் உள்ளே இருக்கும் அறிவை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவது. நெசவாளர் மகளும் வங்கி ஊழியர் மகனும் ஒரே அட்டைக்கு ஓட்டை போடுவார்கள். இன்னொரு அச்சம் இதைவிடக் கனமானது. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாக உழைத்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-ல் விரிவாகப் பதிவுசெய்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு நாடா வீச இன்னொரு கை தேவைப்படும். அந்தக் கை பல வீடுகளில் சிறுவனுடையதாக இருந்தது. ஆகவே பிள்ளைகள் தறிக்கூடத்துக்குப் போகக் கூடாது. மாதிரித் தறிதான் பள்ளி மேசைக்கு வர வேண்டும். அதில் நெய்ததை விற்கவோ கண்காட்சிக்கு விலை போடவோ கூடாது. இந்த நிபந்தனையில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்பார்கள். உதவாத தேர்வை மாற்றலாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கி, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் அரசுப் பள்ளிகளிலேயே நடத்திக்காட்டியது. அதே திட்டத்தை 2002-ல் அந்த மாநில அரசு மூடிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டாம். முப்பது ஆண்டு உழைப்புகூட ஓர் ஆணைக்குத் தாங்காது. அதனால்தான் பெரிய திட்டத்துக்குக் காத்திராமல் ஆசிரியரே தொடங்கக்கூடிய சிறிய வேலையைச் சொல்கிறேன். மின்னணு ஜக்கார்டு வந்த தறிகளில் பழைய அட்டைச் சரங்களுக்கு வேலை இல்லை. எடைக்குப் போகுமுன் பள்ளிக்கு ஒரு சரம் கேட்டு வாங்கி, அது எந்தப் பூவுக்கான அட்டை என்று ஏழாம் வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.