கல்லாவில் இருந்து கத்தலாமா?



சேலம் செவ்வாய்ப்பேட்டையானாலும், லீ பஜாரானாலும், நாமக்கல் கடைவீதியானாலும் நாலு வியாபாரிகள் கூடினால் வரும் முதல் பேச்சு, "கடைக்கு ஆள் நிற்பதில்லை" என்பதுதான். சம்பளம் பற்றவில்லை என்கிறோம், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டான் என்கிறோம். நாம் பேசுகிற பேச்சும் ஒரு காரணம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

மூளை ஆராய்ச்சி பற்றிச் சில செய்திகள் படித்தேன். மளிகைக் கடைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். துவரம்பருப்பு அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், இன்றைய விலை, பழைய பாக்கி என ஐந்தாறு கணக்கை ஒரே சமயத்தில் மனதில் பிடித்துக்கொண்டு நம் ஆள் சிட்டை போடுகிறாரே, அதற்கு வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் என்ற அம்மையார் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தன் கைக்கு அடங்காத நெருக்கடி வந்தால், அது லேசானதாக இருந்தாலும்கூட, இந்தப் பகுதி சட்டென்று தடுமாறிவிடும் என்று 2009-ல் எழுதினார். பயத்தில் ஓட வரும், கூட்டல் வராது.

ஒரு தீபாவளி நெரிசலில் என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பொட்டுக்கடலை கேட்டவருக்குக் கடலைப்பருப்பு கட்டிவிட்டார் எங்கள் ஆள். பத்துப் பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அடுத்த அரை மணியில் சர்க்கரையை இருமுறை கூட்டினார், ஒரு எண்ணெய் டின்னை எழுதவே விட்டுவிட்டார். திமிர் என்று நினைத்தேன். பொங்கல் கழிந்து அவர் வரவில்லை. 11 வருடம் வேலை பார்த்தவர்.

2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி 13 மாணவர்கள் கம்ப்யூட்டரில் பந்து விளையாடினார்கள். நடுவில் அவர்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். உடம்பு வலியின்போது வேலை செய்யும் ஒரு பகுதி அப்போதும் மூளையில் வேலை செய்தது. அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு என்று பிற்பாடு மறுத்தவர்களும் இருக்கிறார்கள். அது அறிஞர்கள் பாடு. விளையாட்டில் பந்து வராததற்கே இப்படி என்றால், வாடிக்கையாளர் முன்னால் "டேய்" என்றால் எப்படி இருக்கும்?

"எங்கப்பா திட்டாத திட்டா? நாங்க ஆளாகலையா?" என்று கேட்பார்கள். அன்று திட்டு வாங்கியவர் நம் வீட்டில் சாப்பிட்டார்; பின்னாளில் முதலாளி கடன் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவார் என்ற நம்பிக்கை இருந்தது. இன்று அது எத்தனை கடையில் உண்டு?

தவறைக் கண்டும் காணாமல் விடச் சொல்லவில்லை. எடை தவறினால் அந்த நிமிடமே "மாத்திக் கட்டுங்க" என்றால் போதும். மிச்சத்தைக் கடை சாத்தும்போது தனியாகச் சொல்லலாம். நாற்பது வயதுக்காரரைக் "கடைப் பையன்" என்பதையும் விட்டுவிடலாம். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டு வந்தது. நம்மில் எத்தனை பேர் போட்டிருக்கிறோம்? அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டுகிறேன்.

என்னிடம் இருந்தவர் இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் இருக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்கிறார். அங்கே அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.