இருட்டறையில் படம் படிப்பவர்

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நான்கு மாதங்களாக ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறது. 51 வயது அம்மாவை மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லும் அழைப்பு அது. “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே” என்கிறார் அம்மா. லாஸ்லோ டாபாரைப் பற்றிப் படிக்கும்வரை எனக்கும் அது நியாயமான பதிலாகவே பட்டது.

டாபார் ஹங்கேரியில் பிறந்து, சுவீடனில் ஃபாலூன் என்ற சிறு நகரின் மருத்துவமனையில் பணியாற்றிய ஊடுகதிரியல் மருத்துவர். “எனக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லும் பெண்களைத்தான் அவர் தேடிப் போனார். கட்டி கையில் தட்டுப்படும் முன்பே படத்தில் அதைக் கண்டுபிடித்தால் உயிர் பிழைப்பவர்கள் கூடுவார்களா என்பது அவருடைய கேள்வி. 1977ல் அவரும் சக மருத்துவர்களும் சுவீடனின் இரண்டு மாவட்டங்களில் ஆய்வைத் தொடங்கினர். 40 முதல் 74 வயது வரையிலான ஏறத்தாழ 77,000 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 56,000 பேர் அழைக்கப்படவில்லை. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறை முடிவுசெய்தது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. அழைப்பு கிடைத்தும் வராதவர்களையும் அழைக்கப்பட்ட குழுவிலேயே சேர்த்து எண்ணினார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும்; ஆனால் உடம்பைப் பேணுகிறவர்கள்தான் பொதுவாகப் பரிசோதனைக்கு வருவார்கள் என்பதால் அது உண்மையாக இருந்திருக்காது. 1985ல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. அழைக்கப்பட்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் 31 விழுக்காடு குறைவு.

எல்லாரும் கைதட்டிவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் அதே இதழில் இத்தகைய ஆய்வுகளின் முறையையே கேள்விக்கு உள்ளாக்கினர். வாழ்நாள் முழுதும் தொல்லை தராத புற்றுநோயையும் கண்டுபிடித்து, தேவையற்ற அறுவை சிகிச்சைக்குப் பெண்களை அனுப்புகிறோம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதில் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அம்மாவை மட்டும் வற்புறுத்துவது நேர்மையாகாது. ஆனாலும் சுவீடன் ஆய்வில் சேர்ந்தவர்களை ஏறத்தாழ 30 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை. நான் பரிசோதனையின் பக்கம் நிற்பது அதனால்தான்.

டாபாரின் இன்னொரு பாதி வாழ்க்கை கற்பித்தலில் கழிந்தது. நாம் அதிகம் பேசாத பகுதி இது. இயந்திரம் படம் எடுத்துவிடும், படிக்க ஆள் வேண்டுமே! மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியும், புற்றுநோயும் வெள்ளைதான். தேங்காய்ப் பூவில் உப்புக் கல்லைத் தேடுவது போன்ற வேலை. ஆசியப் பெண்களிடையே இத்தகைய அடர்ந்த திசு பரவலாகக் காணப்படுகிறது. டாபார் ஊடுகதிர்ப் படத்தையும், அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, இந்தப் புள்ளி ஏன் இப்படித் தெரிகிறது என்று நாடு நாடாகச் சென்று மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தினார். கற்பிப்பதற்காகவே படத்தொகுப்பு நூலும் எழுதினார்.

மருத்துவம் படிக்க விரும்பும் நம் இளையரிடம் கேட்டுப் பாருங்கள். இதய அறுவை சிகிச்சை என்பார்கள், மூளை என்பார்கள். இருட்டறையில் உட்கார்ந்து படம் படிக்கப் போகிறேன் என்று தொடக்கக் கல்லூரியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “பாடம் நடத்தப் போகிறேன்” என்றால் வீட்டில் முகம் சுருங்கும். நோயாளி அந்த மருத்துவரின் முகத்தைப் பார்ப்பதே அரிது, தீபாவளிக்குப் பலகாரப் பெட்டியோடு நன்றி சொல்ல யாரும் வருவதும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் 2002 முதல் நடந்துவரும் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு பெண்ணின் படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிக்கிறார்கள். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிக்கலாம். அந்த இருவருக்கும் யாரோ உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இருமொழியில் படித்த நமக்கு வீட்டிலேயே ஒரு சிறு கற்பித்தல் வேலை காத்திருக்கிறது. போன வாரம் அம்மாவின் அருகே உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் தமிழில் விளக்கினேன். “மறுபடி வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தால் புற்றுநோய் என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டார். நான்கு மாதத் தயக்கத்தின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, இன்னும் சில படங்கள் எடுத்துத் தெளிவுபடுத்திக்கொள்வார்கள் என்றேன். வலிக்குமா என்றார். சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பார்கள், கொஞ்சம் வலிக்கலாம் என்று மறைக்காமல் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை காலைக்கு நேரம் பதிவாகியிருக்கிறது. துணைக்கு நானும் வர வேண்டுமாம்.