போதும், வேண்டாம்: இதெல்லாம் ஒரு பெயரா?

நான் வங்கியில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் படிவம் நிரப்பித் தரும் வேலை என்னை விடவில்லை. போன மாதம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மா ஒருவர் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். பெயர் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "போதும்பொண்ணு சார்" என்றார். உசிலம்பட்டிப் பக்கம். வீட்டில் நாலாவது பெண்.

"எனக்கப்புறம் தம்பி பொறந்தான் சார். பேரு பலிச்சிருச்சுன்னு எங்கய்யாவுக்கு அவ்வளவு சந்தோசம்."

எனக்கு அதற்கு மேல் பேனா ஓடவில்லை. பெயர் பலித்ததாம்! அறுபது வருடமாக அந்த அம்மாவை யார் கூப்பிட்டாலும், "நீ பிறந்தது போதும், இனி உன்னைப் போல ஒன்று வேண்டாம்" என்று சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தெற்கே போதும்பொண்ணு என்றால், நமக்குப் பக்கத்திலேயே திருத்தணி அருகே நாராயணபுரத்தில் பெண்களுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் கொண்ட ஒரு பொறியியல் மாணவிக்கு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை கிடைத்ததால் 2019-ல் அது செய்தியாயிற்று. அதுவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அந்தக் காலத்தில் குப்புசாமி, பிச்சை என்றெல்லாம் வைக்கவில்லையா? அதுபோலத்தான் சார்" என்றார். இல்லை ஐயா, அதுபோல இல்லவே இல்லை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து தவறிப்போன வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள், குப்புசாமி என்று வைத்தார்கள். பிச்சை கேட்டு வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்று வைத்தார்கள். கண் படாமல் இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு அது. போதும்பொண்ணு என்பதில் அந்தத் தவிப்பு இல்லை. அடுத்தது ஆணாக வரவேண்டும் என்ற ஆசை மட்டும்தான். கையில் இருக்கும் குழந்தையை, வராத குழந்தைக்கு அனுப்பும் கடிதமாக ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

கிராமத்துக்காரர்களை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. என் உறவிலேயே ஐந்தாவது பெண்ணுக்கு மங்களம் என்று வைத்தார்கள். கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். இன்னொரு வீட்டில் கடைசிப் பெண் சம்பூர்ணம். கேட்க நன்றாக இருக்கிறது. சொல்ல வந்தது அதே போதும்தான்.

இத்தனைக்கும் பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ்தான் வரும். எக்ஸா ஒய்யா என்பது தகப்பனிடமிருந்து வருவது. பள்ளிக்கூடப் பாடம் இது. யாருக்காவது 'வேண்டாம்' என்று பெயர் வைத்தே ஆகவேண்டும் என்றால், அப்பனுக்கு வைத்திருக்க வேண்டும்!

மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டத்திலும் இதே கொடுமை உண்டு. அங்கே பெயர் 'நகுஷா', வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டியது. இங்கே பெயர் மாற்ற வேண்டுமானால் அவரவர் விண்ணப்பம், பிரமாணம், கட்டணம், அரசிதழ் என்று அலைய வேண்டும். கீரைக்கார அம்மாவிடம் மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்தையும் மாத்தணும். ஒரு நாள் கடை போடலைன்னா யாரு சார் குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. நம் மாவட்ட நிர்வாகங்களும் முகாம் போட்டு, கட்டணமில்லாமல், விரும்பும் பெண்களுக்கு எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே நாளில் மாற்றித் தரட்டும்.

அரசாங்கத்துக்குச் சொல்வதை நமக்கும் சொல்லிக்கொள்கிறேன். பெயர் வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது நம் வயதுக்காரர்கள்தான். சேலையூரிலும் சிட்லப்பாக்கத்திலும் இன்று யாரும் போதும்பொண்ணு என்று வைப்பதில்லை. ஆனால் இரண்டாவதும் பெண் என்று போன் வந்ததும் நம் வாயில் முதலில் வருவது என்ன?

"பரவாயில்லை."

அதுவும் அதே பெயர்தான். அதை முதலில் விடுவோம்.