பித்தன் என்னும் பட்டம்

ஒருவன் கூறும் புகாருக்கு விடை சொல்ல இயலாதபோது, புகார் கூறியவனுக்கு ஒரு பட்டத்தைச் சூட்டிவிடுவது அதிகாரத்திலிருப்போர் கையாளும் சுலபமான உபாயம். முற்காலத்தில் 'ராஜத்துரோகி' என்றார்கள். இக்காலத்தில் 'சதிக்கதை கட்டுபவன்' என்கிறார்கள். முந்திய பட்டம் பெற்றவனை ஜனங்கள் கொண்டாடவாவது செய்தார்கள். பிந்தியதைப் பெற்றவனைக் கண்டு நகைக்கிறார்கள். ஆதலின் இதுவே அதிகக் கொடிய ஆயுதம். இதன் வலிமைக்கு ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கே போதிய அத்தாட்சி.

நூரென்பர்க் நகரவாசியான குஸ்டல் மொல்லாத் என்பவர், பெரிய பாங்கியொன்றில் வேலைபார்த்த தம் மனைவியும் சகாக்கள் சிலரும் வாடிக்கைக்காரர்களின் கள்ளப் பணத்தை ஸ்விட்ஸர்லாந்துக்குச் சேர்ப்பிக்கிறார்கள் என்று அப்பாங்கிக்கு எழுதினார். பாங்கி உள்ளுக்குள் தணிக்கை நடத்தியது. சோதிக்கக்கூடிய புகார்கள் யாவும் உண்மையென்றே 2003 மார்ச்சில் தணிக்கையாளர் முடிவு கண்டனர். அவ்வறிக்கை பாங்கியின் பெட்டிக்குள் உறங்கிற்று. அவ்வருஷ டிசம்பரில் மொல்லாத் கொடுத்த கிரிமினல் புகாரையோ, விசாரிக்க ஆதாரம் போதாதென்று பிராசிக்யூஷன் அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள்.

இதற்கிடையே, 2001-ல் மனைவியைத் தாக்கியதாகவும் வேறு சில குற்றங்கள் செய்ததாகவும் அவர்மீது வழக்கு நடந்தது. 2006 ஆகஸ்டில் நியாயஸ்தலம், அவர் சித்தசுவாதீனம் அற்றவராக இருந்திருக்கலாம் என்று கூறித் தண்டனையிலிருந்து விடுவித்து, அதே தீர்ப்பில் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கவும் உத்தரவிட்டது. பணக்கடத்தல் நடந்திருக்கலாம், ஆனால் தம்மோடு சம்பந்தப்பட்ட அநேகமாக எல்லாரையும் அதில் இவர் சேர்ப்பதுதான் பித்து என்பது தீர்ப்பின் கருத்து. 2012-ல் தணிக்கை அறிக்கை பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. மறுவிசாரணைக்கு உத்தரவாகி 2013 ஆகஸ்ட் 6-ல் அவர் வெளிவந்தபோது 7 வருஷங்களுக்கு மேல் கழிந்திருந்தன. 2014-ல் ரேகன்ஸ்பர்க் நியாயஸ்தலம் அவரை விடுதலை செய்தது. 2019-ல் பவேரியா சர்க்கார், முன்பு கொடுத்த சுமார் 70,000 யூரோ நீங்கலாக, 600,000 யூரோ கொடுக்க இசைந்தது.

மொல்லாத் மாசற்ற உத்தமர் என வாதிப்பது நமது நோக்கமன்று. மனைவியைத் தாக்கியது உண்மையென்றே 2014-ஆம் வருஷத்துத் தீர்ப்பும் கண்டது. ஆனால் சாட்சியின் குணம் ஒன்று. சாட்சியத்தின் உண்மை வேறொன்று. வீட்டு ரகசியத்தை வெளியிடுபவன் பெரும்பாலும் வீட்டோடு மனஸ்தாபம் கொண்டவனே. திருப்தியுடன் உண்டு உறங்குபவன் எதற்காக வாய்திறப்பான்? ஒருவன் கூற்றில் ஒன்பது பங்கு மிகையென்றே வைத்துக்கொள்வோம். பத்தாவது பங்கைச் சோதிக்கும் கடமை அதனால் நீங்கிவிடுமா? வைத்தியர் அம்மனிதரின் மனத்தைப் பரீட்சித்தார். பாங்கியின் ஏட்டைப் பரீட்சிக்கத்தான் ஆளில்லை. அந்த ஒரு தஸ்தாவேஜைக் காலத்தில் வரவழைத்திருந்தால் வழக்கின் முகமே மாறியிருக்கும்.

எனினும், சந்தேகம் கிளப்புவோர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று கொள்வதும் பேதைமையாகும். பெயர், தேதி, கணக்கு ஆகியவற்றைக் குறித்து, "சோதித்துப் பாருங்கள்" என்று அழைப்பவன் ஒரு வகை. தனக்கு மாறான எந்த ஆதாரத்தையும் சதியின் ஒரு பகுதியே என்று தள்ளுபவன் வேறு வகை. முதல் வகையினன் நம் விசாரணைக்கு உரியவன். அவனுக்குக் கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டால், அவனும் இரண்டாம் வகையில் போய் விழுவதில் ஆச்சரியமென்ன?

வேலை சம்பந்தமாய் அறிந்த அக்கிரமத்தை வெளியிடுவோரைக் காக்க 2023 ஜூலையில் ஜெர்மனியில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. நல்ல சட்டமே. ஆனால் மொல்லாத் அப்பாங்கியின் ஊழியரல்லர்; அவர் போன்றோர் அதன் நிழலில் ஒதுங்க இடமில்லை. பழிவாங்கலைச் சட்டம் தடுக்கலாம். பரிகாசத்தைத் தடுக்க முடியாது. அது பொதுஜனங்களின் பொறுப்பு. ஆகவே, இனி எவனையேனும் 'சதிக்கதைக்காரன்' என்று ஒரு சர்க்காரோ ஸ்தாபனமோ ஏசுமாயின், கூடச் சேர்ந்து சிரிப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அவன் சொன்னதைச் சோதித்தீர்களா? சோதித்தவர் யார்? அவர் கொடுத்த அறிக்கை எங்கே?