நுரையீரல் புற்றுநோய்: மாத்திரை கேட்காமல் போனால் அடுத்து என்ன?

"மாத்திரை நல்லா வேலை செஞ்சுது. இப்போ ஸ்கேன்ல கட்டி மறுபடியும் வளருதாம். அவ்வளவுதானா?" முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களின் வீடுகளில் எழும் கேள்வி இது. அவ்வளவுதான் இல்லை. ஆனால் மருந்தை மாற்றும் முன், மருந்து ஏன் கேட்கவில்லை என்று தெரிய வேண்டும்.

மருந்து ஏன் தோற்கிறது?

இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குத் தரப்படும் முக்கிய மாத்திரை ஒசிமெர்டினிப். முதல் சிகிச்சையாக இதை எடுத்தவர்களை ஆய்வு செய்தபோது, பாதிப் பேருக்கு சுமார் 19 மாதங்கள் வரை நோய் வளரவில்லை. பிறகு புற்றுநோய் செல், மெயின் ரோடு அடைபட்டால் சந்து வழியா போற மாதிரி வேறு வழி பிடிக்கிறது. சிலருக்கு, நோயே 'ஸ்மால் செல்' வகையாக மாறிவிடுகிறது.

மறுபடியும் பயாப்சி எதற்கு?

அந்த 'சந்து' எதுன்னு கண்டுபிடிக்கத்தான். ரத்தப் பரிசோதனையிலேயே (லிக்விட் பயாப்சி) பல மரபணு மாற்றங்கள் தெரியும். ஆனால் நோயின் வகை மாறியதா என்பதை உறுதி செய்ய சதைத் துணுக்கு தேவை.

என்னென்ன வழிகள்?

* ஓரிரு இடத்தில் மட்டும் வளர்ந்தால், அங்கே கதிரியக்க சிகிச்சை கொடுத்து, அதே மாத்திரையைத் தொடரலாம்.
* ஸ்மால் செல்லாக மாறியிருந்தால், அதற்குரிய கீமோதெரபி.
* பல இடங்களில் பரவினால் கீமோதெரபி. அதோடு சேர்த்துக் கொடுக்க அமிவான்டமாப் ஊசிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது.

இம்யூனோதெரபி? இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அது மட்டும் கொடுத்தால் பெரிதாகப் பலன் இருப்பதில்லை.

செலவு?

2024 பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப்புக்கு சுங்க வரி ரத்தானது. அதே ஆண்டு ஜிஎஸ்டியும் 12-லிருந்து 5 சதவீதமானது. அப்படியும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய சுமை. மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் உண்டா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

வலி நிவாரண சிகிச்சை கடைசிக் கட்டத்துக்கா?

இல்லை. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள். மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள்: மறுபடியும் பயாப்சி எடுக்கலாமா? புது மருந்தால் எவ்வளவு பலன், எவ்வளவு பக்கவிளைவு? வலி நிவாரணக் குழுவை எப்போது பார்க்கலாம்? நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். முடிவு அவருடையது.